கந்தோர் என்ற ஒரு சொல்: யாழ்ப்பாணத்தில் பதின்மூன்று நாள்

முதல் நாள்

நானும் மகனும் முந்தாநாள் கட்டுநாயக்காவில் வந்து இறங்கினோம். அவனுக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்தை அவன் பார்க்கப்போவது இதுதான் முதல் தடவை. எனக்கு ஏழு வருடங்களுக்குப் பிறகு.

நேற்றைய பகல் கொழும்பில் கழிந்தது. தேசிய நூதனசாலைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு கல்லைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்குக் கொடுத்ததை. பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்கு உரியது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தத் தமிழை எழுதிக் கொடுத்தவர் யாரோ, பெயர் கல்லில் இல்லை. ஆனால் அவர் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி.

நான் ரொறன்ரோவில் உரைபெயர்ப்பாளர். மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும் வேலை. எங்கள் தொழிலின் முதல் விதி இது: ஒரு ஆச்சி "எனக்கு நெஞ்சு நோகுது" என்றால், நானும் ஆங்கிலத்தில் "எனக்கு நெஞ்சு நோகிறது" என்றுதான் சொல்லவேண்டும். "இவவுக்கு நோகுதாம்" என்று சொல்லக்கூடாது. ஆச்சி "நான்" என்றால் நானும் "நான்". பத்தொன்பது வருடமாக இப்படி எத்தனையோ பேருடைய "நான்" ஆக இருந்துவிட்டேன். சில நாள் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நெஞ்சு நோ போகாது.

இன்று விடியக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினோம். அறிவிப்பு சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மாறி மாறி வந்தது. 1990இல் நின்றுபோன ரயில் 2014இல்தான் திரும்ப யாழ்ப்பாணம் வரைக்கும் வந்தது. ஆனையிறவு தாண்டி, இரண்டு பக்கமும் பனை வரத் தொடங்கியதும் மகன் யன்னலோடு ஒட்டிக்கொண்டான். நான் கண்ணைத் துடைத்ததை அவன் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள்

இணுவிலில் அம்மாவின் வீடு. இந்த வருடம் அம்மாவுக்கு 80. அதனால் எல்லாரும் வரவேண்டும் என்று ஒரு வருடத்துக்கு முன்னரே பேசி வைத்திருந்தோம். பாரிஸிலிருந்து அண்ணாவின் குடும்பம். நோர்வேயின் வடக்கில் இருக்கும் திரொம்சோவிலிருந்து தங்கச்சியின் குடும்பம். ரொறன்ரோவிலிருந்து நாங்கள்.

விறாந்தையில் பிள்ளைகள் நாலு பேர். அண்ணாவின் மகளுக்குப் பதின்மூன்று, பிரெஞ்சு. தங்கச்சியின் பெரியவனுக்குப் பதினாலு, சின்னவளுக்கு எட்டு. இரண்டு பேரும் நோர்வேஜிய மொழி. என் மகன் ஆங்கிலம். பெரியவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். பாரிஸ்காரிக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்சம். சின்னவளுக்கு ஆங்கிலம் அறவே வராது. அப்படியென்றால் நாலு பேரும் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடவேண்டும் என்றால் எந்த மொழியில் விளையாடுவது? தமிழில்தான். வேறு வழி இல்லை. அம்மம்மாவோடு தொலைபேசியில் கதைக்கவும் சனிக்கிழமை வகுப்புக்கும் என்று வைத்திருந்த தமிழ், இங்கே கரம் பலகையைச் சுற்றி ஓடத் தொடங்கிவிட்டது.

நான் அறையிலிருந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாரிஸ்காரி எல்லாரையும் "நீங்கள்" என்றுதான் சொல்கிறாள். தாய் தகப்பன் அவளை "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுக்க மரியாதை. வீட்டு நாயைக் கூட "இஞ்ச வாங்கோ, இருங்கோ" என்கிறாள். அதுவும் வந்து இருக்கிறது. சின்னவள் "ஓம்" என்பதற்குப் பதிலாக மூச்சை உள்ளுக்கு இழுத்து "யா" என்கிறாள். அங்கே வடக்கில் அப்படித்தான் பழக்கமாம். அம்மா பயந்துபோய்த் தங்கச்சியிடம் கேட்டா: "பிள்ளைக்கு இழுப்பு இருக்கோ?"

பின்னேரம்தான் அது நடந்தது. சொந்தத்தில் ஒரு பெரியவர் பார்க்க வந்தார். மகன் எழும்பி நின்று, நான் சொல்லிக்கொடுத்த மாதிரிக் கும்பிட்டான். எப்படி வந்தீர் என்று கேட்டார். அவன் யோசித்து, கவனமாக, "ரயில் எடுத்து, பிறகு ஓட்டோ எடுத்து வந்தனான்" என்றான். அவர், "ரயிலை எடுத்து எங்கை வைச்சனீர்?" என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தார். இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மகன் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டான்.

அதற்குப் பிறகு இரவு வரைக்கும் பெரியவர்கள் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினான்.

எனக்கு நித்திரை வரவில்லை. அவர் நல்ல மனிதர், பிள்ளையை நோகடிக்க நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சிரிப்புக்குத் தப்பி வந்த தமிழ்ப் பிள்ளை வெளிநாட்டில் ஒன்றும் இல்லை. ஒரு தடவை சிரித்தால் ஒரு வருடத் தமிழ் போய்விடும். இதை நான் சும்மா சொல்லவில்லை, எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாள்

காலையில் அம்மா பிள்ளைகளைக் குசினிக்குள் கூப்பிட்டுப் பாணும் சம்பலும் கொடுத்தா. பாரிஸ்காரி பாணைக் கையில் எடுத்து, "அம்மம்மா, இதுக்கு எங்கட சொல்தானே சொல்லுறியள்" என்றாள். பிரெஞ்சிலும் ஏறக்குறைய "பான்"தான். மூக்கால் சொல்வார்கள். போர்த்துக்கேயர் இங்கே விட்டுப்போன சொல் அது என்று நான் சொன்னேன். அவ்வளவுதான், பிள்ளைகள் வீட்டைச் சோதனை போடத் தொடங்கிவிட்டார்கள்.

மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், வாங்கு, கோப்பை, துவாய், சப்பாத்து. எல்லாம் போர்த்துக்கேயம். 1619இல் யாழ்ப்பாண அரசை முடித்துக் கோட்டையில் குந்தியிருந்தவர்கள், நாற்பது வருடத்துக்குள் போய்விட்டார்கள். சொற்கள் போகவில்லை. 1658இல் வந்த ஒல்லாந்தரிடம் லாச்சியும் கக்கூசும் வாங்கினோம். அலுமாரி என்றதும் பாரிஸ்காரி "ஆர்முவார்!" என்று கத்தினாள். வாங்கு என்றதும் "பாங்!" கண்ணெல்லாம் விரிந்துவிட்டது அவளுக்கு. அம்மம்மாவின் வீட்டுக்குள்ளே தன்னுடைய மொழிக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று நேற்று வரைக்கும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நோர்வேக்காரர் இரண்டு பேரும் வாடிப்போய் நின்றார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லையோ என்று சின்னவள் முகத்தைத் தொங்கப்போட்டாள். அப்போது அம்மா, சுவரில் இருந்த அப்பாவின் படத்தைக் காட்டி, "உங்கட தாத்தா ஒவ்வொரு நாளும் சைக்கிளிலை கந்தோருக்குப் போட்டு வருவார்" என்றா.

"கொன்தூர்!" என்றான் பெரியவன். "அம்மம்மா, கந்தோர் எண்டா... வேலை செய்யிற இடமோ?"

"ஓமடா, பின்னை என்ன?"

நோர்வேஜிய மொழியில் அலுவலகத்துக்குச் சொல் அதுதான். எங்களுக்கு அது ஒல்லாந்தரின் 'கான்தோர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒல்லாந்தருக்கு அது பிரெஞ்சுக்காரரின் 'கோம்த்துவார்'. ஆங்கிலத்தில் 'கவுண்டர்' என்பதும் அதே வேர்தான். காசை எண்ணுகிற மேசை. எண்ணுதல் என்ற லத்தீன் சொல்லில் இருந்து கிளம்பி, ஒரு கிளை பாரிஸுக்கும், ஒன்று திரொம்சோவுக்கும், ஒன்று ரொறன்ரோவுக்கும் போய், இன்னொன்று கப்பல் ஏறி இணுவிலில் அம்மாவின் வாய்க்குள் வந்து இருக்கிறது. நாலு பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு சொல். என் மகன் மெதுவாக, யாரும் சிரிக்கிறார்களோ என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்ப எங்கட கவுண்டரும் அதுதானோ அம்மம்மா?" என்று கேட்டான்.

நேற்றுப் பின்னேரத்துக்குப் பிறகு பெரியவர் ஒருவரோடு அவன் கதைத்த முதல் வசனம்.

நாலாம் நாள்

நல்ல வெயில். எங்கேயும் போகவில்லை. பிள்ளைகள் ஒரு கொப்பியில் சொற்கள் எழுதுகிறார்கள். எழுத்து தமிழ், ரோமன் இரண்டும் கலந்து கிடக்கிறது. நான் திருத்தவில்லை.

ஐந்தாம் நாள்

நல்லூர். திருவிழாவின் பதினெட்டாம் நாள். கொடியேறி இருபத்தைந்து நாள் நடக்கிற திருவிழா இது. இருபத்துநாலாம் நாள் தேர். ஒரு ரூபா அருச்சனைச் சிட்டை இன்றைக்கும் ஒரு ரூபாதான். பூசை நேரம் ஒரு நிமிடம் பிந்தாது. இந்த இரண்டையும் சொல்லித்தான் நான் ரொறன்ரோவில் நல்லூரை அறிமுகப்படுத்துவேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வெளிவீதி மணலில் கால் வைத்ததும், கேட்கத் தொடங்கினேன். தொழில் பழக்கம். வேட்டி கட்டின இரண்டு பெடியள் சுவிஸ் ஜெர்மனில். பின்னால் ஒரு குடும்பம் டென்மார்க் பாஷையில். கச்சான் கடைக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை தகப்பனோடு பிரெஞ்சில் தர்க்கம். லண்டன் ஆங்கிலம், ரொறன்ரோ ஆங்கிலம், சிட்னி ஆங்கிலம். மூன்றும் வேறு வேறு. கண்ணாடி வளையல் கடைகளில் சிங்களம். எல்லாத்துக்கும் மேலே ஒலிபெருக்கியில் தேவாரம். ஆவணியில் யாழ்ப்பாணம் ஒரு சின்ன ரொறன்ரோதான். அங்கே ஊர்கள் வந்து சேர்ந்தன. இங்கே போனவர்களின் பிள்ளைகள், போன இடத்து மொழியோடு திரும்பி வருகிறார்கள்.

ரியோ என்ற கடையில் ஐஸ்கிறீம் சாப்பிடும்போது அம்மா கேட்டா: "உங்கட ஊரிலை எத்தினை பாஷை கதைக்கினம்?"

எண்ணி முடியாது என்றேன். 2021 கணக்கெடுப்பின்படி ரொறன்ரோப் பெருநகரில் இருக்கிறவர்களில் 46.6 வீதம் பேர் வேறு நாட்டில் பிறந்து குடியேறியவர்கள். கிட்டத்தட்டப் பாதி. தெருக் குப்பை எடுக்கவில்லை என்று நகரசபைக்கு 311ஐ அழுத்தினால், 180க்கும் மேற்பட்ட மொழிகளில் உரைபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருவார்கள். சீனக் கடைத்தெருவில் தெருப் பலகையில் சீன எழுத்தும் இருக்கும், டான்ஃபோர்த்தில் கிரேக்க எழுத்து. ஸ்காபரோவில் எங்கள் கடைகளின் பெயர்ப்பலகை தமிழில்.

அம்மாவுக்கு அதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. "அப்ப ஆளுக்கு ஆள் எப்பிடி விளங்கும்?" என்று கேட்டா. அதுதான் சரியான கேள்வி.

நாங்கள் இருக்கும் அடுக்குமாடியைச் சொன்னேன். மின்தூக்கியில் ஏறினால் சோமாலிய அம்மா ஒருவர், பிலிப்பைன்ஸ் தாதி ஒருவர், குஜராத்திப் பெரியவர், கட்டடம் பார்க்கிற போர்த்துக்கேயர். அந்தப் பெரியவர் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அது முடிய நாலு மாடி போய்விடும். நாங்கள் எல்லாரும் பேசாமல் நிற்போம். அவர் சொல்லைத் தேடி எடுத்துச் சொல்லி முடிப்பார். பிறகு பதில் சொல்வோம். யாரும் சிரிப்பது கிடையாது. ஏனென்றால் அதில் இருக்கிற எல்லாருமே ஒரு நாள் அப்படித் தேடி நின்றவர்கள். அந்த நகரத்திலும் பகை இருக்கிறது, நிறம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கே நடந்திருக்கிறது. ஆனாலும் ஒருவர் உடைந்த ஆங்கிலத்தில் கதைக்கும்போது பொறுத்து நிற்கிற பழக்கத்தை நான் அங்கேதான் கற்றேன்.

எங்கள் ஆட்களே அப்படிக் கொண்டாடப்பட்டு வந்து இறங்கவில்லை. 83 ஜூலைக்குப் பிறகு ஓடியவர்கள். 1986 ஆகஸ்ட் 11ஆம் தேதி நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கரையின் மீனவர்கள்தான் தூக்கி ஏற்றினார்கள். அந்த முதல் ஐந்து நிமிடம் என்ன கதைத்திருப்பார்கள் என்று நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். ரொறன்ரோவில் இப்போது ஒவ்வொரு ஜனவரியும் தமிழ் மரபுத் திங்கள். 2016இல் கனடிய நாடாளுமன்றம் அதை ஏற்றது. முப்பது வருடம்.

அம்மா ஐஸ்கிறீம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பேரனின் தலையைத் தடவினா. ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் நாள்

மனம் கொதித்த நாள்.

அம்மாவின் காணி அலுவலாக ஒரு கடிதம் வந்து மேசை லாச்சிக்குள் மூன்று கிழமையாகக் கிடக்கிறது. முழுக்கச் சிங்களம். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது. சட்டத்தில் இருக்கிறது. 80 வயதுப் பெண்ணுக்கு, தமிழ் ஊருக்கு, அவவுடைய சொந்தக் காணியைப் பற்றித் தமிழில் ஒரு வரி எழுத ஆள் இல்லை. விசாரிக்கப் போன இடத்தில், மொழிபெயர்க்கிறவர் விடுமுறையில், திங்கள் வாருங்கள் என்றார்கள். ரொறன்ரோவில் நீதிமன்றத்துக்கு வந்தவருக்கு மொழி விளங்காவிட்டால் உரைபெயர்ப்பாளர் கொடுக்கவேண்டும் என்று 1982 உரிமைப் பட்டயத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஒரு பிரிவை வைத்துத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். அப்படிப்பட்ட எனக்கு என் தாயின் கடிதத்தை வாசிக்க முடியவில்லை. சிங்களம் படிக்காமல் விட்டதற்காக இன்று உண்மையாகவே வருந்தினேன்.

பின்னேரம் நல்லூரில், வளையலும் ஊதுகுழலும் விற்கிற ஒரு குருநாகல்காரரிடம் மகன் ஊதுகுழல் வாங்கினான். அவர் கொஞ்சம் தமிழ் கதைத்தார். மடு, நல்லூர் என்று திருவிழாவுக்குத் திருவிழா வந்து பழகின தமிழாம். கடிதம் என் கைப்பையில் இருந்தது. தயங்கித் தயங்கி நீட்டினேன்.

அவர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். முதலில் தனக்குள்ளே முழுக்க வாசித்தார். அதுதான் சரியான முறை. எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித்தருவார்கள். பிறகு அம்மாவைப் பார்த்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

"நாங்க உங்க காணி அளக்க வாறது. அன்னைக்கு நீங்க வீட்டில நிக்கணும். பழைய உறுதி இருக்கா, அத எடுத்து வையுங்க. பக்கத்து காணிக்காரருக்கும் நாங்க காயிதம் போட்டது."

நாங்க. "அவங்க வாறாங்களாம்" என்று அவர் சொல்லவில்லை. கடிதம் எழுதினவராகவே நின்று சொன்னார். யாரும் சொல்லிக் கொடுக்காமல். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

அளக்கிற நாள் இன்னும் வரவில்லை, அடுத்த மாதம்தான். அம்மா அவரிடம், "தம்பி, அந்த உறுதியிலை தோம்பு எண்டு போட்டிருக்கு, அது பறவாயில்லையோ?" என்று கேட்டா. காணிப் பதிவேட்டைப் பழைய ஆட்கள் தோம்பு என்பார்கள். அதுவும் போர்த்துக்கேயச் சொல்தான். அவர் சிரித்து, "தோம்பு எங்களுக்கும் தெரியும் அம்மா. சிங்களத்திலயும் அதே" என்றார்.

திரும்பும்போது ஓட்டோவில் மகன் கேட்டான், தமிழில்: "அம்மா, அந்த மாமாக்கும் தமிழ் முழுக்கச் சரியா வராது, என்ன?"

"வராது."

"ஆனா எல்லாருக்கும் விளங்கினது."

நான் ஓம் என்றேன்.

எட்டாம் நாள்

நயினாதீவு. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, பிறகு குறிகட்டுவான். படகில் பாதிப் பேர் வெள்ளை உடுத்து நாகவிகாரைக்குப் போகிற சிங்கள யாத்திரிகர்கள், மற்றப் பாதி நாகபூசணி அம்மனுக்குப் போகிற நாங்கள். எல்லாருக்கும் ஒரே செம்மஞ்சள் மிதவை அங்கி. அலை அடித்தபோது கத்தினதும் ஒரே மாதிரித்தான்.

அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் முக்கியமாக வந்தேன். பன்னிரண்டாம் நூற்றாண்டு, பொலன்னறுவையில் இருந்து ஆண்ட சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. எழுதியிருப்பது தமிழில். ஊராத்துறைக்கு, இன்றைய ஊர்காவற்றுறைக்கு, பரதேசிகள் வந்து இருக்கவேண்டும், அவர்களைக் காக்கவேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றின கப்பல் என்றால் சரிபாதி.

பெரியவன் கேட்டான், சிங்கள ராசா ஏன் தமிழில் எழுதினவர் என்று. வாசிக்கிறவர்களுக்கு விளங்கவேண்டும் என்றுதான் என்று சொன்னேன். துறைமுகத்தில் நிற்கிற வணிகனுக்கு எந்த மொழி விளங்குமோ அந்த மொழியில் அரசன் எழுதினான். மூன்று கிழமை லாச்சிக்குள் கிடந்த கடிதம் எனக்கு நினைவுக்கு வந்தது. எண்ணூறு வருடத்துக்கு முன்னர் இந்தத் தீவில் தெரிந்திருந்த ஒரு விஷயம்.

கல்வெட்டின் "பரதேசி"யை மகன் கொப்பியில் எழுதிக்கொண்டான். "அப்ப நாங்களும் பரதேசிகளோ?" என்று கேட்டான். ஊரில் அது வைகிற சொல் ஆகிவிட்டது, கல்லில் அது காப்பாற்றப்படவேண்டிய ஆள் என்று சொல்லிக்கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள்

மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த மருத்துவமனை வாசலில் ஐந்து நிமிடம் நின்றேன். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், ஆங்கிலத்தில் தொடங்கிய மருத்துவப் படிப்பைத் தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, அறுவை எல்லாவற்றுக்கும் சொல் தேடித் தேடி நூல்களைத் தமிழாக்கினார். ரொறன்ரோவில் ஒரு மருத்துவர் "நோவு ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்று கேட்க, எங்கள் ஆச்சிமார் "அந்தரமாக் கிடக்கு" என்று சொல்லுவார்கள். அந்த "அந்தர"த்துக்கு ஆங்கிலம் தேடும்போதெல்லாம் நான் கிறீனைத்தான் நினைப்பேன். அவர் அதே ஆற்றை எதிர்ப்பக்கமாக நீந்தியவர். கைகூப்பிவிட்டு வந்தேன்.

பதினோராம் நாள்

தேர்.

விடியப்புறம் நாலு மணிக்கே எழும்பிவிட்டோம். வீதி முழுக்கச் சனம். ஆண்கள் மேற்சட்டை இல்லாமல் மணலில் உருண்டு பிரதட்டை செய்ய, பெண்கள் அடியழித்துக்கொண்டு பின்னால் போனார்கள். ஆறுமுகப் பெருமான் தேரில் ஏறியதும் "அரோகரா" என்று எழும்பின சத்தத்தில் எந்த மொழியும் தனியாகக் கேட்கவில்லை. வடத்தைப் பிடிக்க அண்ணாவும் பெரியவனும் போனார்கள்.

தேர் தெற்கு வீதிக்குத் திரும்பும்போது, மகனைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், ஒரு கடைத் தூணுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறான். அவனுக்கு முன்னால் ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன், குட்டி வேட்டி, அழுது அழுது விக்குகிறான். நான் கிட்டப் போனேன். ஆனால் நடுவில் போகவில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன்.

மகன் ஆங்கிலத்தில் கேட்டான். பொடியன் ஜெர்மனில் அழுதான். மகன் கொஞ்சம் நிறுத்தி, தமிழுக்கு மாறினான்.

"தம்பி, அம்மா என்ன கலர் சாறி?"

"பச்சை."

"எந்த நாடு எடுத்து வந்தனீங்கள்?"

எடுத்து வந்தனீங்கள்! அந்தப் பொடியன் சிரிக்கவில்லை. "சுவிஸ்" என்றான். அவனுக்கு அது நல்லாகவே விளங்கியது.

மகன் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, சாரணர் நின்ற கொட்டிலுக்குப் போனான். அங்கே நின்ற அண்ணனிடம் சொன்னான், ஒவ்வொரு சொல்லாக, அந்தச் சின்னவனின் பக்கத்தில் நின்றுகொண்டு: "என்ர அம்மாவைக் காணேல்லை. பச்சைச் சாறி. நாங்கள் சுவிஸ்."

சாரணர் குழம்பிப்போய், "எந்தப் பிள்ளைக்கு? உமக்கோ தம்பிக்கோ?" என்று கேட்டார். நான் ஓடிப்போய் விளக்கினேன். நான் வேலைக்கு ஆயத்தம் செய்யும்போது கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்ப்பதை, பக்கத்து அறையில் இருந்து இவ்வளவு நாளும் கேட்டிருக்கிறான்.

அறிவித்துக் கால் மணித்தியாலத்தில் பச்சைச் சாறி கட்டின தாய் ஓடி வந்தா. எங்கள் கையைப் பிடித்து என்னவோ சொல்ல வந்தவவுக்கு முதலில் ஜெர்மன்தான் வந்தது. பிறகுதான் தமிழ்.

மத்தியானம் பச்சை சாத்தி இறங்கி வந்த முருகனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். இரண்டாம் நாள் சிரித்த அந்தப் பெரியவரும் அன்று சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அம்மா அவருக்குக் கதையை முழுக்கச் சொன்னா, "நாடு எடுத்து வந்தனீங்கள்" என்றதையும் விடாமல். அவர் இந்தமுறை சிரிக்கவில்லை. மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, "ரொறன்ரோவிலை என்னென்ன எடுத்துப் போவீர்?" என்று கேட்டார். மகன் சொல்லத் தொடங்கினான். பஸ், சுரங்க ரயில், ஸ்றீட்கார். அவர் முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றாம் நாள்

நாங்களும் தங்கச்சி குடும்பமும் ஒரே ரயிலில் கொழும்புக்குத் திரும்புகிறோம். அண்ணா குடும்பம் இன்னும் ஒரு கிழமை நிற்கும். கொப்பியை யார் கொண்டுபோவது என்று காலையில் பெரிய சண்டை. கடைசியில் அம்மம்மாவின் லாச்சிக்குள் வைப்பது என்று முடிவாயிற்று. கடைசிப் பக்கத்தில் நூற்றிப் பதினேழு சொற்கள் என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள்.

அம்மா யாழ்ப்பாண ரயில் நிலையம் வரைக்கும் வந்தா. மேடையில் வாங்கில் இருந்து, ஒவ்வொரு பேரப்பிள்ளையாகக் கூப்பிட்டு நெற்றியில் திருநீறு பூசினா. சின்னவளின் முறை வந்தபோது அவளைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டா:

"அடுத்த வருஷமும் அம்மம்மாட்டை வருவியளோ?"

சின்னவள் மூச்சை உள்ளுக்கு இழுத்து, "யா" என்றாள்.

அம்மா ஒரு கணம் அவளையே பார்த்தா. பிறகு, வாயைச் சின்னதாகத் திறந்து, மூச்சை உள்ளுக்கு இழுத்து, அதே மாதிரி, "யா" என்றா.